சத்தம் போடாத விசிறிகள்

இந்தக் கிராபிக்ஸ் கார்டு இவருக்கு வேண்டியதில்லை. கல்யாண வீடியோ வெட்டி ஒட்ட இவ்வளவு மெமரி எதுக்கு? கேம் ஆடுறதுக்கும் இதுல பாதி போதும். யானைச் சங்கிலியக் கொண்டுபோய் ஆட்டுக்குட்டி கழுத்துல கட்டுற கதை. வேற யாராவது கேட்டிருந்தா முகத்துக்கு நேரா சொல்லியிருப்பேன்.

சின்னவள் சொல்லவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் அவளுடைய அத்தான், அக்காவின் கணவர். அக்கா போன பிறகு அவர் வாய்திறந்து ஒரு பொருள் வேண்டும் என்று கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்தக் கடையில் பாகங்களைச் சேர்த்துக் கணினிகளைப் பூட்டுவது அவள் வேலை. கடையின் பின்பக்கம், குழல்விளக்குக்குக் கீழே, ரப்பர் விரித்த பலகைதான் அவள் இடம். வருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: என்ன வேலைக்கு? பதிலைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். வீடியோ வெட்டுகிறவர் என்றால் பிராசஸர் திடமாக இருக்க வேண்டும், ராம் தாராளமாக இருக்க வேண்டும், எடுத்ததையெல்லாம் போட்டு வைக்கக் கிணறு மாதிரி இடம் வேண்டும். கேம் ஆடுகிறவர் என்றால் கிராபிக்ஸ் கார்டுதான் உயிர். இரண்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒன்றை இறக்கி ஒன்றை ஏற்றி ஒப்பேற்றுவாள். சிலர் பொய் சொல்வார்கள். ஆபீஸ் வேலைக்கு என்று வாய் சொல்லும்; கை கலர் விளக்கு எரிகிற கேபினெட்டையே தடவிக்கொண்டிருக்கும். என்ன வாங்குகிறார் என்று பார்த்தால் ஆள் தெரிந்துவிடும் என்பது அவள் கட்சி.

கடை முதலாளிக்குப் பெயர் கண்ணாடி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு மேசையெல்லாம் தேடுகிறவர்.

"எடிட்டிங்தான சார்? அப்ப டிஸ்க் பெருசா ரெண்டு போட்ருவோம்," என்றார்.

"டிஸ்க் வேண்டாம். பழசே போதும். கார்டுல மெமரி மட்டும் குறையக் கூடாது."

கண்ணாடி சின்னவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உங்க அத்தான் வீடு கட்டுறாரு. ரூமே வேண்டாங்கிறாரு, வாசக்கதவு மட்டும் கோட்டைக் கதவு மாதிரி வேணுங்கிறாரு."

"அவர் கேட்டதப் போடுங்கண்ணா. வீட்டுக்கு யாரு வரப்போறாங்கன்னு அவருக்குத் தெரியும்ல."

"அதுவும் சரிதான். என் கண்ணாடிய யாராவது பாத்தீங்களா?"

"நெத்தில இருக்கு."

அத்தான் சிரிக்கவில்லை. "இன்னொண்ணு. சத்தம் வரக் கூடாது."

"விசிறின்னு ஒண்ணு சுத்தினா கொஞ்சம் இருக்கத்தான் சார் செய்யும்."

"மூச்சு விடுற அளவுக்குக்கூட வரக் கூடாது," என்றார் அத்தான். பிறகு அவளைப் பார்த்து, "மத்ததெல்லாம் நீயே எடு. கேபினெட், கலர், நாற்காலி உயரம் எல்லாம். நீதான உக்காரப் போற."

"நானா?"

"நீ உக்காந்து பேசுற மாதிரி வீடியோ பண்ணலாம்னு இருக்கேன்."

அவளுக்குக் காதுமடல் சூடாயிற்று. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அக்காவிடம் அவள் அந்த ஆசையைச் சொல்லியிருந்தாள். கணினி பூட்டுவது எப்படி என்று காட்டி, தன் குரலில் பேசி, நான்கு பேர் பார்க்கிற மாதிரி. அக்கா சிரித்தாள். "முதல்ல உனக்குன்னு ஒண்ணு பூட்டுடி. ஊருக்கெல்லாம் பூட்டுற, வீட்ல நீ உக்கார ஒரு மூலை இல்ல." அதை அக்கா அத்தானிடம் சொல்லி வைத்திருக்கிறாள் போல. போகிறவள் இதையாவது விட்டுவிட்டுப் போனாளே என்று நினைத்துக்கொண்டாள். கார்டு எதற்கு என்ற கேள்வி அதோடு அவளிடமிருந்து போய்விட்டது.

மேல்தட்டில் பல காலமாகத் தூசி குடித்துக்கொண்டிருந்த ஒரு பாசி நிறக் கேபினெட்டை இறக்கினாள். யாரும் வாங்காத நிறம். விசிறிகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு காதோரம் பிடித்துப் பார்த்தாள். சிறிய விசிறி வேகமாகச் சுற்றும், அதனால் கத்தும். பெரியது நிதானமாகச் சுற்றி அதே காற்றைத் தரும். கடைசியில் மூன்று மிஞ்சின. அவற்றைக் காதில் வைத்தபோது தன் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

வெளியே விடாமல் மழை. ஈரக் காலோடு வந்து கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக் கையிலிருக்கிற மின்சாரத்தை இறக்கிவிட்டு வேலையைத் தொடங்கினாள். பிராசஸரைப் பள்ளத்தில் வைத்து நெம்புகோலை அழுத்தும்போது நெறுநெறுவென்று ஒரு சத்தம் வரும். எத்தனை தடவை கேட்டாலும் எதையோ உடைத்துவிட்டோம் என்றே தோன்றும். என் வீடியோவில் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்: பயப்படாதீங்க, அது அப்படித்தான் கத்தும். பிராசஸர் மேல் சூட்டைக் கடத்தும் பசை, பட்டாணி அளவு. அதன்மேல் குளிர்விக்கும் கட்டி. ஒயர்களை யாரும் பார்க்காத முதுகுப் பக்கத்தில் பின்னல் மாதிரி இழுத்துக் கட்டினாள். பிறத்தியாருக்குப் பூட்டும்போது அவ்வளவு மெனக்கெட மாட்டாள்.

"உனக்கே உனக்கா? நடத்து நடத்து," என்றார் கண்ணாடி. "இதுல பத்துல ஒரு பங்கு அக்கறைய நம்ம வாடிக்கையாளர் மேல காட்டினா நான் மாடி கட்டியிருப்பேன்."

*

வீட்டில், சாயங்காலமானால் அம்மா தட்டை எடுத்துக்கொண்டு பெரியவளின் அறைக்குப் போய்விடுவாள்.

பெரியவளுக்குப் பிழைப்பே அந்த அறைக்குள்தான் இருந்தது. கேம் ஆடிக்கொண்டே பேசுவாள், அத்தான் அதை வெட்டித் திருத்தி இணையத்தில் போடுவார். எங்கெங்கோ இருக்கிறவர்கள் அவளை அக்கா என்று கூப்பிட்டார்கள். எல்லா வீடியோவையும் அவள் ஒரே மாதிரிதான் தொடங்குவாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, ஹெட்செட்டை மாட்டி, கேமராவை நேராகப் பார்த்து, "சாப்பிட்டாச்சா?" என்பாள்.

காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஆனால் எடுத்து வைத்து இன்னும் போடாத வீடியோக்கள் நிறைய இருந்தன. அத்தான் அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். பார்க்கிறவர்களுக்கு அவள் இறந்ததைச் சொல்லவில்லை. சின்னவளுக்கு அது உறுத்தியது. ஆனால் அம்மாவைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். பெரியவள் போன பிறகு பட்டினி கிடந்த அம்மா, முதல் வீடியோ ஓடிய அன்று, "சாப்பிட்டாச்சா?" என்று திரையிலிருந்து குரல் வந்ததும், "இதோ, இப்பதான்" என்று பதில் சொல்லி ஒரு வாய் சோற்றை எடுத்து வைத்தாள். அப்போதிருந்து அதுதான் பழக்கம். வீடியோ இல்லாத நாளில் தட்டு போனபடியே திரும்பி வரும்.

"முடிய ஒதுக்கி விட்டுக்கோ, கண்ணுல விழுது பாரு," என்பாள் அம்மா திரையைப் பார்த்து. திரையில் பெரியவள் முடியை ஒதுக்கிவிடுவாள்.

"பாத்தியா, சொன்னா கேக்குறா. நீதான் எதையும் கேக்க மாட்ட."

"அது முன்னாடியே எடுத்ததும்மா."

"எனக்குத் தெரியாதா? ஒரு பேச்சுக்குச் சொல்றேன்."

தெரியுமா தெரியாதா என்று சின்னவளுக்குத்தான் தெரியவில்லை. அக்கா தங்கை இரண்டு பேருக்கும் ஒரே குரல், ஒரே தாடை. போனில் பேசினால் பெற்றவளே மாற்றிப் பிடிப்பாள். இப்போது அடுக்களையில் சின்னவளின் குரல் கேட்டால் அம்மா சட்டென்று நிமிர்கிறாள். யாரென்று தெரிந்ததும் குனிந்துகொள்கிறாள். நிமிர்வதை அவள் பொறுத்துக்கொண்டாள். அந்தக் குனிதல்தான் ஒவ்வொரு தடவையும் எங்கேயோ ஒரு திருகாணியை இன்னொரு சுற்று இறுக்கியது. அக்கா போன பிறகு அம்மா அவள் முகத்தை நேராகப் பார்த்ததே இல்லை.

பெரியவளின் பழைய கணினி ஊளையிடும். அடுக்களை வரை கேட்கும். சின்னவள் எத்தனையோ தடவை சுத்தம் செய்து தருகிறேன் என்று கேட்டிருக்கிறாள். "கத்தட்டும் விடு," என்பாள் அக்கா. "கூட ஒரு ஆள் இருக்கிற மாதிரி இருக்கு." எல்லா வீடியோவிலும் அவள் பேச்சுக்குப் பின்னால் அந்த ஊளை இருந்தது.

"இன்னும் எத்தனை இருக்கு?" என்று அம்மா கேட்பாள்.

"இருக்கு அத்தை," என்பார் அத்தான், தட்டைப் பார்த்துக்கொண்டு.

*

புதுக் கணினியைப் பெரியவளின் மேசையில்தான் வைத்தார்கள். வேறு இடம் இல்லை. பொத்தானை அழுத்தியதும் ஒரு சிறிய வெள்ளை விளக்கு எரிந்தது. வேறு ஒன்றுமே இல்லை. அந்த அறையில் அவ்வளவு நிசப்தத்தை அவர்கள் கேட்டதே கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் மழை ஒழுகுவதும், அம்மாவின் மூக்கில் மூச்சு வந்துபோவதும் தனித்தனியாகக் கேட்டன.

"உயிர் இருக்கா இதுக்கு?" என்றாள் அம்மா.

"பின்னாடி கைய வச்சுப் பாரும்மா."

அம்மா உள்ளங்கையை விசிறிக்கு நேராகப் பிடித்தாள். அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். "ஆமா," என்றாள். "விடுது."

அதற்குப் பிறகு அத்தான் சோதனை என்று சின்னவளை உட்கார வைக்கத் தொடங்கினார். கடையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு அவள் உட்காருவாள். எதிரே கேமராவும் மைக்கும். பக்கத்தில் இன்னொரு மேசையில், திரையைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அத்தான்.

"இடது பக்கம் பாரு. இப்ப கீழ. இப்ப சிரி."

"எதுக்கு அத்தான் சிரிக்க?"

"சும்மா. சத்தமில்லாம."

"சும்மா சிரிச்சா பைத்தியம்பாங்க."

"ஆங், இதே மாதிரி. இத இன்னொரு தடவ பண்ணு."

மைக் சோதனைக்கு என்ன படிக்க என்று கேட்டபோது கையில் கிடைத்த கேரண்டி அட்டையைக் கொடுத்தார். தண்ணீரில் விழுந்தாலும், எலி கடித்தாலும், இடி விழுந்தாலும் கம்பெனி பொறுப்பேற்காது என்று அவள் செய்தி வாசிக்கிற மாதிரி வாசித்தாள். நிமிர்ந்து பார்த்தபோது அத்தானின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. ராப்பகலாகத் திரையைப் பார்க்கிற கண் என்று நினைத்தாள். சொட்டு மருந்து வாங்கிப் போடுங்கள் என்றுகூடச் சொன்னாள். அவர் ஹெட்போனைக் கழற்றாமல் தலையசைத்தார்.

"நான் பேச வேண்டியத யோசிச்சு வச்சிருக்கேன். பிராசஸர்லருந்து ஆரம்பிக்கலாமா?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

ஒரு சாயங்காலம் மழை வெறித்து வெயில் சாய்வாக அறைக்குள் வந்திருந்தது. அம்மா அடுக்களையில் தட்டுக் கழுவுகிற சத்தம். கேரண்டி அட்டையை அவள் நான்காவது பக்கம் வரை படித்திருப்பாள். முழங்கையில் அனல் பட்டது. கணினிக்குப் பின்னால் கையை விட்டு விசிறிக்கு நேராகப் பிடித்தாள். அடுப்பு மாதிரி வந்தது காற்று.

அவள் கை அங்கேயே நின்றது. ஒரு கேமரா ஓடினால் இவ்வளவு சூடு வராது. மைக்குக்கு இதில் வேலையே இல்லை. இது கார்டின் சூடு. அந்தக் கார்டின் மெமரி முழுக்க எதையோ ஏற்றி வைத்து, மூச்சு முட்ட வேலை வாங்குகிற சூடு. நாளெல்லாம் இந்தப் பொருட்களோடு புழங்குகிற கைக்கு அது தெரியாமல் போகாது. சத்தம் இருந்திருந்தால் முதல் நாளே காது சொல்லியிருக்கும்.

"என்ன ஓடுது இதுல?"

"ரெக்கார்டிங்தான்."

"ரெக்கார்டிங் இல்ல. அந்தத் திரைய இப்படித் திருப்புங்க அத்தான்."

"இன்னும் சரியா வரலம்மா."

"எது வரல?"

அவர், தூங்குகிற ஆளைப் புரட்டுகிற மாதிரி மெதுவாகத் திரையைத் திருப்பினார்.

அக்கா உட்கார்ந்திருந்தாள். அதே நாற்காலி, அதே சுவர். சின்னவள் போட்டிருந்த ஊதாச் சட்டையை அக்கா போட்டிருந்தாள். அக்காவுக்கு ஊதா ஆகாது. உடம்பு சரியாகித் திரும்பி வந்தவள் போலக் கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. சின்னவள் கையை உயர்த்தினாள். அக்காவும் உயர்த்தினாள். சின்னவளின் உதடு நடுங்கியது, அங்கேயும் நடுங்கியது. இது எந்திரம்தான், நான் பூட்டியதுதான், என்று சொல்லிக்கொண்டு கண்ணை மூடினாள். அங்கே அவளும் மூடிக்கொண்டாளா என்று தான் பார்க்க முடியாது என்பது மூடிய பிறகுதான் உறைத்தது. திறந்தபோது அக்கா அவளை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசி வீடியோ நேத்தோட முடிஞ்சுபோச்சு," என்றார் அத்தான். "இன்னிக்கு என்ன போடுறது? சொல்லு. அத்தை சாப்பிடணும்ல. அவ பழைய வீடியோ எல்லாத்தையும் இதுக்குக் குடுத்து அவ முகத்தையும் குரலையும் கத்துக்க வச்சிருக்கேன். நீ பேசினா அவ குரல்ல வருது. ஹெட்போன்ல நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன். நான் உக்காந்து பாத்தேன், ஒட்டல. வேற யாரு உக்காந்தாலும் தாடை நிக்காது. உனக்கு ஒட்டுது."

"அப்ப என் வீடியோ?"

"இதான்மா."

அவருக்கு அதில் பொய் சொன்ன மாதிரியே தோன்றவில்லை. அதுதான் சின்னவளைப் பயமுறுத்தியது. பாசி நிறம், நாற்காலி உயரம், பெரிய விசிறிகள். எல்லாவற்றையும் தனக்கு அளவெடுத்துத் தானே பூட்டியிருக்கிறாள். என்ன வேலைக்கு என்று எல்லோரிடமும் கேட்கிறவள், இவரிடம் கேட்காமல் விட்டுவிட்டாள்.

வாசலில் நிழல் தட்டியது. அம்மா தட்டோடு நின்றிருந்தாள். சோறும் ஒரு அவித்த முட்டையும். திரையைப் பார்த்தாள். அலறவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. கடைக்குப் போனவள் தாமதமாக வந்ததைப் போல, "வந்துட்டியா," என்றாள் திரையைப் பார்த்து. சின்னவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குக் கைதொடும் தூரத்தில் தரையில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, காத்திருந்தாள்.

அத்தான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஒலிபெருக்கியைப் போட்டார். "கேளு," என்று உதட்டை மட்டும் அசைத்தார். "ஒரே ஒரு வார்த்தை."

எவ்வளவு சின்ன வார்த்தை. தெருவில் போகிற யாரையும் கேட்கிற வார்த்தை. சொன்னால் அம்மா சாப்பிடுவாள். நாளைக்கும் சாப்பிடுவாள். சாயங்காலம்தோறும் நான் இங்கே வந்து உட்கார்ந்தால் அக்கா இருப்பாள். அவளுக்கு வயதுகூட ஆகும், என்னோடு சேர்ந்து. ஆனால் இந்த நாற்காலியிலிருந்து எழுந்து அடுக்களைக்குப் போகிறவள் யாரென்று இந்த வீட்டில் கேட்க ஆளிருக்காது. என் குரல் கேட்டு நிமிர்கிற அம்மா அதன் பிறகு குனியக்கூட மாட்டாள்.

சின்னவள் மைக்கை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். சுவரோரம் போய் நின்றாள். திரையில் வெறும் நாற்காலி மட்டும் இருந்தது.

"எங்க போறா?" அம்மா தட்டை வைத்துவிட்டு எழுந்தாள். "இப்பதான வந்தா." நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு திரையை நோக்கிக் குனிந்தாள்.

கேமராவுக்கு முன்னால் ஒரு முகம் வந்தது. கணினி அதைப் பிடித்துக்கொண்டது.

திரையில் அம்மாவின் நரைத்த முடி. அம்மாவின் சுருக்கம் விழுந்த கழுத்து. நடுவில் அக்காவின் முகம். அக்கா வாழாமல் விட்ட வயதெல்லாம் அவளைச் சுற்றி வளர்ந்து நிற்கிற மாதிரி. ஓரங்களில் தாடை ஒட்டாமல் நீரில் தெரிவது போல ஆடியது.

"ஏன் கேக்க மாட்டேங்குற?" என்றாள் அம்மா. "சாப்பிட்டாச்சா?"

"ஏன் கேக்க மாட்டேங்குற?" என்றது அக்காவின் குரல், ஒரு மூச்சு தாமதமாக, பின்னால் எந்த ஊளையும் இல்லாமல், அறைக்குள்ளேயே. "சாப்பிட்டாச்சா?"

அம்மாவின் முகம் மலர்ந்தது. திரையிலும் மலர்ந்தது. "இதோ, இப்பதான்," என்றாள்.

"இதோ, இப்பதான்."

அம்மா நிறுத்தினாள். அதுவும் நிறுத்தியது. இருவரும் மற்றவர் பேசட்டும் என்று காத்திருந்தார்கள். அத்தான் தலையைக் கைகளில் புதைத்துக்கொண்டார்.

அம்மா திரும்பினாள். பெரியவள் போன பிறகு முதல் தடவையாகச் சின்னவளின் முகத்தை நேராகப் பார்த்தாள். நெற்றியிலிருந்து தாடைவரை, விட்டுப்போன எதையும் சரிபார்க்கிற மாதிரி, நிதானமாகப் பார்த்தாள். இத்தனை நாள் சின்னவள் ஏங்கியிருந்த பார்வை. அது வந்தபோது சுவரோடு சுவராகிவிடலாமா என்றிருந்தது.

"நான் உக்காந்தா நான் சொன்னதையே திருப்பிச் சொல்றா," என்றாள் அம்மா. "நீ உக்காரு. நீ உக்காந்தா அவளாக் கேப்பா."

சின்னவள் குனிந்து தரையிலிருந்த தட்டை எடுத்தாள். சோறு விறைத்திருந்தது.

"ஆறிப்போச்சும்மா. சூடு பண்ணிக் கொண்டுவரேன்."

அறையைத் தாண்டினாள். நடையில் வெயில் போய்விட்டிருந்தது. அடுக்களைக்குள் நுழைந்து அடுப்புக்கு முன்னால் நின்றபோது பின்னாலிருந்து கூப்பிட்டது. அக்காவின் குரல். தாமதம் தெரியவில்லை, அங்கே முதலில் யார் பேசினார்கள் என்பது இந்தத் தூரத்துக்குக் கேட்கவில்லை.

"ஒரே ஒரு தடவ வந்து உக்காரேன்டி."

அவள் திரும்பவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள்.

"மாட்டேன்மா," என்றாள்.